மூன்றாம் மாடியில் விழும் காசு

பிப்ரவரி 3

அன்புள்ள பொடியனுக்கு,

அக்கா எழுதுகிறேன். என் முழங்கால்கள் இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாமல் பிரிந்து கிடக்கின்றன, மற்றபடி சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? அறுபத்தெட்டு வயது ஆளைப் பொடியன் என்று கூப்பிடலாமா என்று உன் மகள் போன தடவை கேட்டாள். நான் இருக்கிற வரை அவன் பொடியன்தான் என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒரு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. மேலே போகும்போது நடுவில் நின்றுவிடுகிறது. முதல் மாடி பல் டாக்டர் ஒன்றரை மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டார். வெளியே வந்ததும் கட்டடச் சங்கத்து செக்ரட்டரி பூட்டுப் போட்டுவிட்டார். கம்பெனி ஆள் வந்து பார்த்து, பழைய மாடல், பார்ட்ஸ் கிடைக்காது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்றான். அதற்கு இந்தக் கட்டடத்தில் யாரும் தயாரில்லை. ஜூன் பதினைந்தாம் தேதி சங்கக் கூட்டம். அன்றைக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் லிஃப்டை ஒரேயடியாக மூடிவிடுவார்கள்.

நாலு மாடி, எழுபத்திரண்டு படி. எனக்கு எழுபத்தொன்று. அடுத்த வருஷம் சரிக்குச் சமம் ஆகிவிடுவோம். ஆனால் என் மகன் அதுவரை பொறுக்க மாட்டான் போலிருக்கிறது. "லிஃப்ட் மூடினா நீ எங்க வீட்டுக்கு வந்துடணும்மா, இந்த வீட்டை வித்துடலாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டான். அவன் நல்ல பிள்ளை, மருமகளும் தங்கமானவள், இல்லையென்று சொல்லவில்லை. அங்கே எனக்கு ஓர் அறை கொடுப்பார்கள். இங்கே எனக்கு ஒரு வீடு இருக்கிறது. உன் அத்தான் போன பிறகும் அது வீடாகத்தான் இருக்கிறது. இதை விட்டு நான் நகர்வதாக இல்லை.

முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நீ. என்ன கோளாறு என்று சொல். நாலு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. எடு.

உன் அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், நானும் நலம். உன் முழங்கால்களுக்குள் சமரசம் ஏற்படட்டும்.

போன் வேண்டாம் அக்கா. இந்தப் போன் ஒரு தொல்லை, எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவதே வேலையாக இருக்கிறது. எழுது. எழுதினால்தான் நிதானமாக யோசிக்க முடியும்.

கம்பெனி ஆள் சொன்னதை அப்படியே நம்பாதே. முழங்கால் வலி என்று போனால் ஆளையே மாற்ற வேண்டும் என்று சொல்கிற டாக்டர் உண்டா? எனக்குச் சில விவரங்கள் வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, வேறு வேறு இடத்திலா? இறங்கும்போதும் நிற்கிறதா? நிற்பதற்கு முன்னால் வெளிக்கதவில் உள்ளங்கையை வைத்தால் அதிர்கிறதா?

அப்பாவின் லிஃப்ட் ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெரிய ஆபீசில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பித்தளைக் கைப்பிடியை ராஜா மாதிரி திருப்புவார். லீவு நாளில் நம்மைக் கூட்டிக்கொண்டு போனால் ஆளுக்கு ஒரு தடவைதான் சவாரி. நீ என் முறையையும் பிடுங்கிக்கொள்வாய். அந்தக் கோபத்தில்தான் நான் லிஃப்ட் மெக்கானிக் ஆனேன்.

நேரில் வரத்தான் ஆசை. மகள் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், நகர முடியாது.

பொடியன்

மார்ச் 2

அன்புள்ள பொடியனுக்கு,

நான் நலம், ஆனால் மூச்சு வாங்குகிறது. பெயிண்ட் வாசனையில் உனக்கு இருமல் வராமல் இருக்கிறதா?

செக்ரட்டரியை நச்சரித்துப் பூட்டைத் திறக்க வைத்தேன். எங்கள் கட்டடத்து எலக்ட்ரீஷியன் காலிப் பெட்டியை ஆறு தடவை மேலே அனுப்பினார். ஆறு தடவையும் மூன்றாம் மாடிக்கு ஒரு முழம் கீழேதான் நின்றது. இறங்கும்போது சில தடவை நிற்கிறது, சில தடவை நிற்பதில்லை. மூன்றாம் மாடிக் கதவில் கையை வைத்துப் பார்த்தேன். அதிர்வு இருக்கிறது. நிற்கும் முன்னால் ஒரு சத்தம். முதலில் செருப்பை இழுத்து நடப்பது போல ஒரு தேய்ப்பு, பிறகு யாரோ நாக்கைச் சொடுக்குவது போல ஒரு "டக்".

படிக்கட்டுத் திருப்பங்களுக்கு நான் பெயர் வைத்துவிட்டேன். முதல் மாடி வீறாப்பு. இரண்டாம் மாடி யோசனை. மூன்றாம் மாடி மன்னிப்பு, அங்கே நின்றுகொண்டு நான் திட்டிய எல்லோரையும் மன்னித்துவிடுகிறேன். நாலாவது மாடி வந்ததும் மறுபடியும் திட்ட ஆரம்பித்துவிடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். முன்பெல்லாம் நீ கதவில் காதை வைத்தால் போதும், இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவாய். எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் லிஃப்டை அப்படித்தான் சரிசெய்தாய். என்னோடு வேலை செய்த பெண்களெல்லாம் உன்னை டாக்டர் தம்பி என்றார்கள். போனை லிஃப்ட் பக்கத்தில் பிடித்து அந்தச் சத்தத்தை உன் காதிலேயே கேட்கவைக்கிறேன் என்கிறேன், நீ உள்ளங்கையை வை என்கிறாய். இது என்ன புது வைத்தியம்?

உன் அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ படிக்கட்டில் மெதுவாக ஏறு, மன்னிப்பில் கொஞ்சம் அதிக நேரம் நில்.

தேய்ப்பு, டக். நல்ல விவரம். இன்னும் ஒன்று தெரிந்தால் போதும். அப்பாவின் காசு வித்தையைச் செய்து பார். ஞாபகம் இருக்கிறதல்லவா, பெரிய காசை லிஃப்ட் தரையில் நிமிர்த்தி நிறுத்திவிட்டு, "இது விழாம உங்களை மேல கொண்டுபோய் விடுறேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சவால் விடுவார். ஆறு மாடியும் விழாது. என் வேலைக் காலம் முழுக்க அதுதான் என் பரீட்சை. எந்த லிஃப்டைச் சரிசெய்தாலும் காசு நின்றால்தான் கையெழுத்துப் போடுவேன்.

காசின் ஒரு முகம் கதவையும் மறுமுகம் உள்ளே இருக்கும் கண்ணாடியையும் பார்த்து நிற்கட்டும். எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரிய வேண்டும். ஆனால் நீ ஏறக் கூடாது. காலிப் பெட்டியைத்தான் அனுப்ப வேண்டும். திரும்பி வந்ததும் காசு எங்கே கிடக்கிறது என்று பார்த்தால் போதும். உன் குணம் எனக்குத் தெரியும், அதனால்தான் இரண்டாவது தடவையும் எழுதுகிறேன்: ஏறாதே.

பெயிண்ட் வேலை இன்னும் முடியவில்லை.

பொடியன்

ஏப்ரல் 4

அன்புள்ள பொடியனுக்கு,

உடம்பு தேவலை. ஏறினேன்.

திட்டுவதை ஒத்திவை, முதலில் கேள். காலிப் பெட்டியை அனுப்பினோம். திரும்பி வந்தபோது காசு உருண்டு ஒரு மூலையில் கிடந்தது. எந்தப் பக்கம் விழுந்தது என்று அதுவா வாய் திறந்து சொல்லும்? யாராவது உள்ளே இருந்து பார்க்க வேண்டாமா? எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். செக்ரட்டரிக்குப் பயம். நான் காசை நிறுத்திவிட்டு, கதவை இழுத்துச் சாத்தி, பட்டனை அமுக்கிவிட்டேன்.

காசு இரண்டு மாடி வரை சிலை மாதிரி நின்றது. அப்புறம் அந்தத் தேய்ப்பு. காசு கதவுப் பக்கம் சாய்ந்து விழுந்தது. டக். பெட்டி நின்றுவிட்டது. காலியாக இருந்தபோது கீழே இருந்து பட்டனை அமுக்கினால் இறங்கிவந்தது, இந்தத் தடவை அசையவில்லை. ஐம்பது நிமிடம் உள்ளே இருந்தேன். தரையில் உட்கார்ந்துகொண்டேன், எழுந்திருப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. அந்தக் கண்ணாடியில் என்னை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் மூக்கு எனக்கு எப்போது வந்தது?

உள்ளே இருந்து உனக்குப் போன் செய்தேன். அதிசயமாக எடுத்தாய். "பொடியா, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன், அந்த ஆளுங்க மேல போய் எதைத் திருப்பணும்னு சொல்லு" என்று கத்தினேன். நீ சொன்னாய்: "நல்லா இருக்கேன்க்கா. சாப்பிட்டேன். லெட்டர் போடறேன்." வைத்துவிட்டாய்.

பிறகு செக்ரட்டரி எங்கேயோ அலைந்து ஆளைக் கூட்டிவந்து என்னை இறக்கினார். மகன் வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். போகும்போது சாமான் கட்ட ஆறு அட்டைப்பெட்டிகளைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

கதவுப் பக்கம் விழுந்தது. எழுதிக்கொள்.

உன் அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள பொடியனுக்கு,

நான் நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. அவசரம் ஒன்றுமில்லை, நிதானமாக எழுது. இனி போன் செய்ய மாட்டேன்.

சும்மா இருக்கிறேன், அதனால் வீட்டில் கேட்பதை எழுதுகிறேன். காலையில் முதலில் கேட்பது பால்காரரின் சைக்கிள். பின்சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை "கீச்" என்று சலித்துக்கொள்கிறது. அப்புறம் கெட்டில். மூடி சரியாக உட்காராததால் கொதிக்கும் முன்பே தடதடவென்று ஆடி ஊரைக் கூட்டும். எதிர்வீட்டுப் பெண் கதவைச் சாத்துவதிலிருந்தே அன்றைக்கு அவளுக்கு ஆபீஸ் பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். மழை வந்தால் முதலில் மொட்டைமாடித் தகரத்தில் பத்துப் பதினைந்து சொட்டு தனித்தனியாக விழும், பிறகுதான் சேர்ந்து பெய்யும். உன் அத்தானின் சுவர்க்கடிகாரம் இன்னும் மணி அடிக்கிறது. பன்னிரண்டுக்குப் பதினொன்றுதான் அடிக்கும், அது அவர் காலத்திலிருந்தே அப்படித்தான்.

வேறு ஒன்றும் விசேஷமில்லை.

உன் அக்கா

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. அன்றைக்கு லைன் சரியில்லை.

நீ ஏறியதற்குத் திட்ட நான்கு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? இனி அப்படிச் செய்யாதே.

கோளாறு தெரிந்துவிட்டது. லிஃப்ட் பெட்டி இரண்டு பக்கமும் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். பிடிக்கிற பாகத்தை நாங்கள் ஷூ என்போம். அது தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தேய்ந்ததால் பெட்டி கதவுப் பக்கம் சாய்கிறது. மூன்றாம் மாடிக் கதவின் பூட்டில் ஒரு சின்ன உருளை இருக்கும். சாய்ந்த பெட்டி போகிற போக்கில் அதை இடித்துவிடுகிறது. உடனே கதவு திறந்துவிட்டது என்று நினைத்து லிஃப்ட் கரண்டை நிறுத்திக்கொள்கிறது. தேய்ப்பு ஷூ. டக் உருளை. புது லிஃப்டும் வேண்டாம், புது மூளையும் வேண்டாம். புதுச் செருப்பு போட்டால் ஓடும். படம் வரைந்து வைத்திருக்கிறேன், கம்பெனி ஆளிடம் காட்டு.

வீட்டுச் சத்தங்களை எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இன்னும் எழுது.

பொடியன்

மே 21

அன்புள்ள பொடியனுக்கு,

உடம்பு நலம், மனசுதான் கொதிக்கிறது. கம்பெனி ஆள் உன் படத்தைப் பார்த்துச் சிரித்தான். தபாலில் நாடி பார்க்கிற டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான். செக்ரட்டரி நல்ல மனிதர். உங்கள் தம்பி நேரில் வந்து நின்று இதுதான் கோளாறு என்று காட்டட்டும், அவர் எதிரிலேயே கழற்றச் சொல்கிறேன், கூட்டத்துக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றார். நீ வர வேண்டும்.

பெயிண்ட் என்று எழுதாதே. உன் மகள் வீடு மூன்று அறை. அதற்கு மூன்று மாதமாக அடிக்கிற பெயிண்ட் எது?

பொடியா, உனக்குக் காது கேட்கவில்லை.

முப்பத்தெட்டு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் காதில் பூச்சுற்றலாம் என்று நினைத்தாயா? காது கேட்காதவர்கள் போனில் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். முந்திக்கொண்டு பேசுவார்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அடுத்தவருக்கு இடம் கொடுத்தால்தானே பதில் சொல்ல வேண்டிவரும். லிஃப்டுக்குள் உட்கார்ந்து அன்று நான் அழுதது மாட்டிக்கொண்டதற்காக இல்லை. "நல்லா இருக்கேன்க்கா" என்று நீ தயாராக வைத்திருந்தாயே, அதற்காக.

என்னிடம் ஏன்டா மறைத்தாய்?

உன் அக்கா

மே 31

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். காதைத் தவிர.

ஆறு வருஷமாகிறது. கடைசியாக ஒரு துணிக்கடை லிஃப்டைப் பார்க்கப் போனேன். காசை நிறுத்தினேன், விழவில்லை. கதவில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் எதுவும் இல்லை, நன்றாக ஓடுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சத்தம் இருந்திருக்கிறது அக்கா. எனக்குத்தான் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஆறு பேரோடு அது நடுவில் இறுகி நின்றுவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தாள். அன்றைக்கே வேலையை விட்டேன். முதுகுவலி என்று எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும்.

காதுக்கு மெஷின் வாங்கித் தந்தாள் மகள். போட்டால் தட்டு விழுகிற சத்தமும் பேச்சும் ஒன்றாக வந்து மோதுகின்றன. டிராயரில் இருக்கிறது. நாலு பேர் கூடியிருக்கும்போது எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பேன். எதற்கென்று தெரியாது.

அந்தக் கம்பெனி ஆள் முன்னால் என்னை நிற்கச் சொல்கிறாய். அவன் ஒரு கேள்வி கேட்டால் என்ன செய்வேன்? சாப்பிட்டேன் என்று சொல்வேனா? டாக்டர் தம்பி என்று உன் எக்ஸ்சேஞ்சில் கூப்பிட்டார்களே, அந்த ஆளாகவே உன் ஞாபகத்தில் இருந்துவிடுகிறேன். மன்னித்துவிடு, என்னால் முடியாது.

பொடியன்

ஜூன் 5

பொடியனுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. 12ஆம் தேதி வண்டிக்கு டிக்கெட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உன் மகளுக்கும் தனியாக எழுதிவிட்டேன், அவள் வண்டி ஏற்றிவிடுவாள். டிராயரில் இருக்கிற மெஷினையும் கொண்டு வா.

நீ வருகிறாய் என்று செக்ரட்டரியிடம் சொல்லிவிட்டேன். காது கேட்காது என்பதையும் சொல்லிவிட்டேன். அவர், "அதனால என்னம்மா, எனக்கு ராத்திரியில கண்ணு தெரியாது" என்றார். இந்த வயதில் யாரிடம்தான் எல்லாம் முழுசாக இருக்கிறது? உனக்குக் கை இருக்கிறது, எனக்குக் காது இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஒரு மெக்கானிக் தேறும்.

அப்பாவின் லிஃப்ட் மணி ஞாபகம் இருக்கிறதா? ஒரு மணி அடித்தால் முதல் மாடியில் ஆள் காத்திருக்கிறார், இரண்டு அடித்தால் இரண்டாம் மாடி. நான் உன் பின்னால் நின்று தோளில் தட்டுகிறேன். மாடிக்கு மாடி எண்ணித் தட்டுவேன். தேய்ப்பு கேட்டால் விரலால் இழுப்பேன். டக் கேட்டால் அழுத்துவேன். அவன் கேள்வி கேட்டால் காகிதத்தில் எழுதிக் காட்டுவேன். என் கையெழுத்து உனக்குப் புரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே.

நான் வீட்டை விட்டுப் போக மாட்டேன். உன்னை அந்தத் துணிக்கடையிலேயே நின்றுகொண்டிருக்கவும் விடமாட்டேன். வா.

அக்கா

ஜூன் 16

அன்புள்ள மகனுக்கு,

அம்மா நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே. நேற்றைய கூட்டத்தில் லிஃப்டை மூடுவதில்லை என்று முடிவாகிவிட்டது. நீ ஊரில் இல்லாததால் நடந்ததை எழுதுகிறேன்.

மாமா வந்தார். எழுபத்திரண்டு படியும் ஏறினார். மன்னிப்பில் நின்று, "இந்தப் படியெல்லாம் நீ தினம் ஏறுறியா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை கம்பெனி ஆள் வந்தான். மூன்றாம் மாடிக் கதவைத் திறந்து, பெட்டி எங்கே இடித்து நிற்கும் என்று மாமா உள்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பிறகு கம்பெனி ஆள், மாமா, நான் மூவரும் உள்ளே ஏறினோம். நீ கோபித்துக்கொள்ளாதே, மேலே எலக்ட்ரீஷியன் தயாராக நின்றார். மாமா ஒரு கையைப் பெட்டிச் சுவரில் வைத்துக்கொண்டார். நான் அவர் தோளில் தட்டினேன், ஒன்று. பிறகு இரண்டு. அப்புறம் தேய்ப்பு கேட்டது, விரலால் இழுத்தேன். நான் அழுத்துவதற்கு ஒரு நொடி முன்னால் மாமா, "இப்போ" என்றார். டக். நின்றது. கதவைத் திறந்தால் எதிரே சாக்பீஸ் கோடு.

கம்பெனி ஆள் மாமாவிடமிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டு அவனே கழற்றினான். தேய்ந்த ஷூ காகிதம் போல இருந்தது. பழைய கிடங்கில் இதே அளவில் ஒன்று இருக்கிறது என்று அவன் சொன்னதை நான் எழுதிக் காட்டினேன். மாலைக்குள் மாட்டினார்கள். இன்ஸ்பெக்டரும் வந்து பார்த்துச் சரியென்று எழுதிக் கொடுத்தார். அந்த ஆள் போகும்போது மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், என் நம்பரை வெச்சுக்குங்க" என்றான். மாமா என்னைப் பார்த்தார். எழுதிக் காட்டினேன். "போன் வேணாம்பா, லெட்டர் போடு" என்றார். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரிந்தே மாமாவும் சிரித்தார்.

அட்டைப்பெட்டி ஆறும் காலியாக இருக்கிறது. அடுத்த தடவை லிஃப்டில் வந்து எடுத்துக்கொண்டு போ.

அம்மா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன், உடம்பும் நலம். மெஷினைத் தினமும் ஒரு மணி நேரம் போடுகிறேன். நேற்று கெட்டில் கேட்டது. உன் கெட்டில் அளவுக்கு இல்லை.

ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. வேலை முடிந்து காசை நிறுத்தினோமே, மூன்றாம் மாடி தாண்டும்போது லேசாக ஆடி விழுந்துவிட்டது. ஆபத்து ஒன்றுமில்லை, ஆனால் காசு விழுந்த லிஃப்டில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அங்கே தண்டவாள இணைப்பில் ஒரு திருகை அரைச் சுற்று இறுக்கினால் போதும். கம்பெனி ஆளிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவான். சொல்லிவிடு.

பொடியன்

ஜூலை 11

அன்புள்ள பொடியனுக்கு,

நான் நலம். முழங்கால்கள் பேசத் தொடங்கிவிட்டன, ஆனால் ஒருமையில்தான்.

கம்பெனி ஆள் நேற்று வந்திருந்தான். மூன்றாம் மாடியில் லேசாக ஆடுகிறதே, இறுக்கிவிடட்டுமா என்று அவனாகவே கேட்டான். தொடாதே என்று சொல்லிவிட்டேன். அதைப் பார்க்கிற டாக்டர் வெளியூரில் இருக்கிறார், வருவார் என்றேன்.

தினமும் காலையில் பால் வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறும்போது அப்பா மாதிரி காசை நிறுத்துகிறேன். மூன்றாம் மாடியில் விழுகிறது. குனிந்து எடுக்கிறேன், இந்த வயதில் அது சின்ன வேலை இல்லை. நீ வந்து அந்தத் திருகை இறுக்குகிற வரை எடுத்துக்கொண்டுதான் இருப்பேன்.

எப்போது வருகிறாய்?

உன் அக்கா